நம் தகவலைக் காப்பது சட்டமா, சந்தையா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "இணையத்தில் நம் தனிப்பட்ட தகவல்களைக் காக்க அரசு சட்டம் போட்டுத்தான் ஆக வேண்டுமா? தனியுரிமை வேண்டும் என்பவர்கள் அதைத் தரும் நிறுவனங்களைத் தேடிப் போனால் மற்றவையும் தாமாகத் திருந்திவிடாதா? ஐரோப்பாவில் சட்டம் போட்டும் குக்கிப் பெட்டிகள் பெருகியதுதானே மிச்சம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (குக்கி என்பது ஒரு தளம் நம் உலாவியில் வைத்துவிடும், நம்மை அடையாளம் காண உதவும் சிறு கோப்பு. அதற்குச் சம்மதம் கேட்டுத் திரையில் வருவதுதான் குக்கிப் பெட்டி.) மேலோட்டமாகப் பார்த்தால் அரசா தனியாரா என்ற பழைய வாதம்தான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தன் தகவல் யார் கைக்குப் போகிறது என்றே தெரியாத ஒருவர், தன் தேர்வுகளால் மட்டும் அதைக் காத்துக்கொள்ள முடியுமா? நான் பதில் சொல்லப் போவது அதற்கு.

நான் மென்பொருள் எழுதும் வேலையில் தொடங்கியவன். பிறகு, நிறுவனங்கள் சேர்க்கும் தரவு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தணிக்கை செய்யும் வேலைக்கு மாறினேன். பதினேழு வருடங்களாக அதுதான் தொழில். வழக்கறிஞன் அல்லன், உங்களுடைய ஒரு குறிப்பிட்ட வழக்கில் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டால் நான் சொல்லக் கூடாது. பொருளாதார ஆய்வுகளை வாசிப்பவன், செய்பவன் அல்லன். உறுதியானது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

சந்தையை நம்புபவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. போட்டி இருந்தால் பொருளின் தரம் உயரும். ஆனால் அதற்கு வாங்குபவரிடம் இரண்டு பலங்கள் இருக்க வேண்டும். பொருளின் தரம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிடிக்காவிட்டால் விலகிப் போக வழி இருக்க வேண்டும். தனியுரிமையில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் செயலியைச் சோதித்தோம். கைபேசியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் பிடித்துப் பார்த்தபோது, பயனரின் இருப்பிடம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. செயலியை எழுதியவர்களுக்கே அது தெரியாது. செயலி எங்கே முடங்குகிறது என்று கணக்கெடுப்பதற்காக அவர்கள் இலவசமாக எடுத்துச் சேர்த்திருந்த ஒரு நிரல் தொகுப்பு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 'உங்கள் இருப்பிடத்தை யாருக்கும் தருவதில்லை' என்று அவர்களுடைய தனியுரிமைக் கொள்கை அறிக்கையில் இருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். நாங்கள் காட்டியபோது அந்த அம்மாவின் முகம் வெளிறியது இன்னும் நினைவில் இருக்கிறது. விற்பவருக்கே தெரியாத குறையை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதை 1970லேயே ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், நல்ல காருக்கு உரிய விலையை யாரும் தர மாட்டார்கள். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கு வருவதை நிறுத்திவிடுவார். கடைசியில் ஓட்டைகளே மிஞ்சும். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. தகவலைக் கவனமாகக் கையாளும் நிறுவனத்துக்குச் செலவு அதிகம். அந்தச் செலவுக்கான பலன் வாடிக்கையாளர் கண்ணில் படாவிட்டால், கவனமில்லாத போட்டியாளர் அதைவிட மலிவாகத் தந்து ஜெயித்துவிடுகிறார்.

"கொள்கை அறிக்கையில் எல்லாம் எழுதியிருக்கிறதே, படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. 2008ல் அலீசியா மெக்டொனால்ட், லோரி கிரேனர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு வருடத்தில் போகும் தளங்களின் அறிக்கைகளையெல்லாம் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. அது கைபேசிச் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு. விலகிப் போவதைப் பற்றிச் சொல்வதானால், 2017ல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாகச் சேர்ந்தவர்களே அல்லர். வங்கிகளும் கடன் கொடுத்தவர்களும் அவர்கள் விவரத்தை அங்கே அனுப்பி வந்தார்கள். சேராத இடத்திலிருந்து எப்படி விலகுவது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 2023ல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில், வேறு இடங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துத் திருடர்கள் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களோ சுமார் 69 லட்சம் பேர். உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி அங்கே இருந்ததால், ஒருவர் கணக்கு திறந்ததும் அவரோடு இணைந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களின் விவரமும் தெரிந்துவிட்டது. வலுவான கடவுச்சொல் வைத்திருந்தவரையும் அவருடைய தூரத்துச் சொந்தத்தின் அலட்சியம் காட்டிக்கொடுத்தது. என் தொடர்பு எண்களை நான் ஒரு செயலிக்குக் கொடுத்தால் உங்கள் எண்ணையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். தனித்தனி ஆளாக நின்று பேரம் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை இது.

சந்தைக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று சொல்ல முடியாது. நிறையத் தந்தார்கள். அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. 2000 மே மாதத்தில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், நிறுவனங்களின் சுயக்கட்டுப்பாடு போதவில்லை, சட்டம் வேண்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரை செய்தது. அடுத்த ஆண்டே புதிய தலைமை வந்து, இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்தினால் போதும் என்று நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் நம்பிக்கை முத்திரைகள் புழக்கத்தில் இருந்தன. தளத்தின் அடியில் டிரஸ்ட்ஈ முத்திரை இருந்தால், அந்தத் தளம் தகவலை ஒழுங்காகக் கையாள்கிறது என்று பொருள். டாய்ஸ்மார்ட் என்ற பொம்மைக் கடைத் தளத்திலும் அந்த முத்திரை இருந்தது. தகவலை யாருக்கும் தர மாட்டோம் என்ற வாக்குறுதியும் இருந்தது. 2000ல் கடை நொடித்தபோது, வாடிக்கையாளர் பட்டியலையே சொத்தாக விற்க முன்வந்தார்கள். ஆணையம் வழக்குப் போட வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து பென் எடல்மன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது, முத்திரை பெற்ற தளங்கள் பெறாதவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் நம்பத்தகாதவையாக இருக்கும் வாய்ப்பு உள்ளவை என்று தெரிந்தது. நம்பிக்கை குறைவான தளங்கள்தான் முத்திரையைத் தேடி வந்தன. காசு கொடுத்தவர்களைத் தட்டிக்கேட்க முத்திரை கொடுத்தவருக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் மறுசோதனை செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அதைச் செய்யாமல் விட்டதாக 2014ல் ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அடுத்தது பி3பி. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2002 ஏப்ரலில் இதை வெளியிட்டது. ஒரு தளம் தன் கொள்கையை இயந்திரம் படிக்கும் குறியீடாக எழுதி வைக்கும். உங்கள் உலாவி அதைப் படித்து, உங்கள் விருப்பத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராத குக்கியைத் தடுத்துவிடும். எனக்கு இன்றும் பிடித்த யோசனை அது. 200 மணி நேரம் படிக்கும் வேலையை இயந்திரம் செய்துவிடும், இல்லையா? ஆனால் குறியீட்டில் பொய் எழுதினால் கேட்க ஆள் இல்லை. 2010ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 33,139 தளங்களைச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்கில் குறியீடு பிழையாக இருந்தது. பலர் உலாவியை ஏமாற்றி குக்கியை உள்ளே விடுவதற்கென்றே ஒரே மாதிரியான வெற்றுக் குறியீட்டை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள்.

பிறகு 'பின்தொடராதே' வந்தது. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், போகும் தளங்களுக்கெல்லாம் 'என்னைப் பின்தொடர வேண்டாம்' என்று ஒரு சிறு சமிக்ஞை போகும். 2011ல் பயர்பாக்ஸ் சேர்த்தது. மற்ற உலாவிகளும் சேர்த்தன. 2012ல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் அதைத் தொடக்கத்திலேயே இயக்கி வைக்கப் போவதாக அறிவித்ததும், இது பயனரின் உண்மையான தேர்வு அல்ல, நாங்கள் மதிக்க மாட்டோம் என்று விளம்பரத் துறை சொல்லிவிட்டது. ஏழெட்டு வருடம் கூட்டம் போட்டுப் பேசிய டபிள்யூ3சி குழு 2019 ஜனவரியில் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆப்பிள் தன் சஃபாரி உலாவியிலிருந்து அந்தப் பொத்தானையே நீக்கியது. அதை இயக்கியிருப்பதே ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து அடையாளம் காண உதவும் தடயமாகிவிடலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சந்தை சாதித்த இடமும் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நேர்மையாகாது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஒரு செயலி உங்களை மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் உங்களிடம் கேட்டாக வேண்டும் என்று விதித்தது. ஒரே ஒரு கேள்வி, இரண்டு பொத்தான். பதில் சொல்லாதவரைப் பின்தொடர முடியாது. இதனால் 2022ல் தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலீட்டாளர்களிடம் சொன்னது. எந்த அபராதமும் செய்யாத வேலையை ஒரு மென்பொருள் புதுப்பிப்பு செய்தது. ஆனால் இதை ஒரு தனி நிறுவனம் தன் எல்லைக்குள் போட்ட சட்டம் என்றுதான் நான் பார்க்கிறேன். நாளைக்கு அதன் வணிக நலன் மாறினால் விதியும் மாறலாம். தன் செயலிகளுக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இந்த விதியை அமல்படுத்திய விதத்துக்காக 2025 மார்ச்சில் பிரான்சின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது.

மக்களுக்கு உண்மையில் தனியுரிமையில் அக்கறை உண்டா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. தேடல் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே தனியுரிமை மதிப்பெண்ணைத் தெளிவாகக் காட்டினால், பலர் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் நல்ல தளத்தில் வாங்குகிறார்கள் என்று ஒரு சோதனை காட்டியது. ஒரு பீட்சா தருகிறோம் என்றதும் நண்பர்களின் மின்னஞ்சல் முகவரியை மாணவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொன்று காட்டியது. அக்கறை இல்லாததால் கொடுத்தார்களா, விளைவு கண்ணுக்குத் தெரியாததால் கொடுத்தார்களா என்பது ஆய்வாளர்களிடையே தீராத வாதம். கேள்வியை எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் பதில் வருகிறது என்பது மட்டும் உறுதி. கேள்வியை வடிவமைப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்கு வருவோம். ஜிடிபிஆர் என்று எல்லோரும் சொல்லும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. குக்கிக்குச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய, 2009ல் திருத்தப்பட்ட வேறொரு ஐரோப்பிய விதியிலிருந்து வந்தது. ஜிடிபிஆர் செய்தது சம்மதம் என்றால் என்ன என்பதைக் கறாராக்கியது. பெட்டிகள் எரிச்சலூட்டுகின்றன என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவற்றில் பல சட்டத்துக்கே புறம்பானவை. 2020ல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் தளங்களில் இருந்த பெட்டிகளைச் சோதித்தது. சட்டத்தின் குறைந்தபட்சத் தேவைகளை நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். 'மறு' பொத்தானை முதல் திரையிலிருந்து எடுத்துவிட்டால் சம்மதம் 22 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019ல் தீர்ப்பளித்தது. மறுப்பதை ஏற்பதைப்போல எளிதாக வைக்கவில்லை என்று 2022 தொடக்கத்தில் பிரான்ஸ் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. அதன் பிறகுதான் கூகுளின் 'எல்லாவற்றையும் மறு' பொத்தான் முதல் திரைக்கு வந்தது.

என் கருத்தில் குக்கிப் பெட்டி சட்டத்தின் தோல்வி என்று சொல்வது பாதி உண்மை. சம்மதத்தை நம்பிய சட்டம், சந்தையின் தீர்வையே சட்டத்தின் உடை போட்டு உட்கார வைத்தது. 'உனக்குத் தெரிவித்துவிட்டோம், நீயே முடிவு செய்' என்ற முறை 2000ல் ஏன் தோற்றதோ, அதே காரணத்தால்தான் பெட்டியிலும் தோற்றது: தனி ஆள், நேரமில்லை, தகவல் இல்லை, எதிரே வடிவமைப்பு வல்லுநர்களின் படை. 2023ல் இந்தியா இயற்றிய சட்டமும் சம்மதத்தைத்தான் நடுவில் வைக்கிறது என்பது எனக்குக் கவலை தருகிறது.

சட்டம் நன்றாக வேலை செய்த இடங்களைப் பார்த்தால் வழி தெரிகிறது. கலிபோர்னியாவில் 2003 ஜூலையில் ஒரு சின்னச் சட்டம் வந்தது: மக்களின் தகவல் திருடு போனால் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும், குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, வைத்திருந்த தகவலானால் விலக்கு உண்டு. எந்தத் தொழில்நுட்பத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. 2005ல் சாய்ஸ்பாயிண்ட் என்ற தரவுத் தரகர் (மக்களின் விவரங்களைச் சேர்த்து விற்கும் நிறுவனம்) மோசடிக்காரர்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை விற்றிருந்தது அந்தச் சட்டத்தால்தான் வெளியே வந்தது. அதற்கு முன் அந்த நிறுவனத்தின் பெயரையே பெரும்பாலானவர்கள் கேட்டதில்லை. மறைந்திருந்த குறையைச் சட்டம் கண்ணுக்குத் தெரிய வைத்தது. அதன் பிறகு அவமானமும் வழக்கும் வாடிக்கையாளர் இழப்புமாகச் சந்தை தன் வேலையைச் செய்தது. குறியாக்கத்துக்கு நிதி ஒதுக்க வைப்பது என் போன்றவர்களுக்குப் பெரும்பாடு. 'கசிந்தால் கடிதம் அனுப்ப வேண்டும்' என்ற ஒரு வரி, பத்து ஆலோசனைக் கூட்டங்கள் செய்யாததைச் செய்யும்.

இன்னும் தெளிவான சான்று, 'பின்தொடராதே' பொத்தானின் மறுபிறவி. 2020ல் உலகளாவிய தனியுரிமைக் கட்டுப்பாடு என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே சமிக்ஞை திரும்ப வந்தது. சுருக்கமாக ஜிபிசி என்பார்கள். தொழில்நுட்பத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மாறியது ஒன்றுதான்: கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டப்படி, அந்தச் சமிக்ஞை வந்தால் 'என் தகவலை விற்காதே' என்று அவரே எழுதிக் கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டில், அதை மதிக்காதது உள்ளிட்ட காரணங்களுக்காக செபோரா என்ற அழகுசாதன விற்பனை நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்டியது. ஒரே பொத்தான், சட்டம் பின்னால் இல்லாதபோது செத்தது, இருந்தபோது பிழைத்தது. அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்: அது தகவலை விற்பதையும் பகிர்வதையும் தடுக்குமே தவிர, நீங்கள் போகும் தளம் தனக்காகச் சேர்ப்பதைத் தடுக்காது.

சட்டத்துக்கும் விலை உண்டு. ஜிடிபிஆர் வந்ததும் தளங்கள் விளம்பரம், கணக்கெடுப்பு போன்ற வேலைகளுக்குப் பயன்படுத்திய வெளிநிறுவனங்களின் எண்ணிக்கை சுமார் 15 சதவீதம் குறைந்தது. மிஞ்சிய சந்தை பெரிய நிறுவனங்களிடம் இன்னும் குவிந்தது என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. கூகுள் பிளேயிலிருந்து மூன்றில் ஒரு பங்குச் செயலிகள் வெளியேறின, புதியவை வருவது பாதியானது என்று இன்னொன்று சொல்கிறது. எண்கள் கவனமாக எடுக்கப்பட்டவை. ஆனால் போனவற்றில் எத்தனை மக்களுக்குப் பயன்பட்டவை, எத்தனை தரவு உறிஞ்சுவதற்கென்றே இருந்தவை என்பதில் ஒத்த கருத்து இல்லை. சிறிய நிறுவனங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில், சுமை அவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது என்பதை நான் நேரில் பார்க்கிறேன். 2023ல் மெட்டாவுக்கு விதித்த 120 கோடி யூரோ அபராதத்தை அந்த நிறுவனம் தாங்கும். ஐந்து பேர் நடத்தும் நிறுவனம் ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தையே தாங்காது. அபராதமும் பெரும்பாலும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலைதான். கசிந்த விவரத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே, சட்டமா சந்தையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மாட்டேன். குறையை வெளியே கொண்டுவரவும், ஒருவர் ஒருமுறை சொன்ன விருப்பத்துக்கு எல்லா இடத்திலும் கட்டுப்பட வைக்கவும் சட்டம் வேண்டும். அதன் மேல் நின்று போட்டி நடக்கட்டும். சில தகவல்களில் மட்டும் சம்மதம் கேட்கவே கூடாது, வணிகத்தையே தடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலாவது, துல்லியமான இருப்பிடத்தை விற்பது. 'பெயர் இல்லாத தரவுதானே' என்பார்கள். வரைபடத்தில் ஒரு கைபேசியின் புள்ளி இரவில் எங்கே தூங்குகிறது, பகலில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் புள்ளிக்குப் பெயர் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் போதும். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லதானியா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000ல் கணக்கிட்டார். பிறகு வந்த ஒரு மறுகணக்கு 63 சதவீதம் என்றது. எதை எடுத்தாலும் பாதிக்கு மேல். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் அதே வர்த்தக ஆணையம் எக்ஸ்மோட் என்ற தரவுத் தரகரை, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குப் போய்வந்ததைக் காட்டும் தரவை விற்கவே கூடாது என்று தடுத்தது. அந்தத் திசைதான் சரி. இரண்டாவது, குழந்தைகளின் தகவல். அதைப் பற்றி யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, பயர்பாக்ஸின் தனியுரிமை அமைப்புகளில் ஜிபிசியை இயக்கி வைப்பது. பிரேவ், டக்டக்கோ உலாவிகளில் அது தானாகவே இயங்கும். குரோமில் தனி நீட்சி சேர்க்க வேண்டும். எல்லா உலாவிகளும் இந்தப் பொத்தானை வைத்தே ஆக வேண்டும் என்று கலிபோர்னியா 2025 அக்டோபரில் சட்டம் இயற்றியிருக்கிறது. 2027 ஜனவரி 1 அன்று அது அமலுக்கு வருகிறது. ஒரு மாநிலத்துக்காக வைக்கும் பொத்தானை உலாவி நிறுவனங்கள் உலகம் முழுக்க வைக்குமா, மற்ற நாடுகளின் சட்டங்கள் அந்தச் சமிக்ஞைக்குக் கட்டுப்பட வைக்குமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.